பூனைக்காலிப் பொடியும் அத்தாவின் கையும்

அய்யலூர் சந்தையில் என் அத்தா ஒரு கிடாயை அது பெறாத விலைக்கு வாங்கிவிட்டார். அவருக்கு நோய் வந்திருப்பது எங்களுக்குத் தெரிந்தது அப்படித்தான்.

எங்கள் வீடுகளில் அப்பாவை அத்தா என்போம். அத்தா ஆட்டுத் தரகர். திண்டுக்கல் கறிக்கடைகளுக்கும் பிரியாணிக் கடைகளுக்கும் ஆடு பிடித்துக் கொடுப்பவர். சந்தையில் இப்போது முக்கால்வாசிப் பேர் வாயாலேயே விலை பேசுகிறார்கள். அத்தா பேசமாட்டார். தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இரண்டு பேர் கைக்கும் மேலே போடுவார். உள்ளே விரல்தான் பேசும். எத்தனை விரலைப் பிடிக்கிறாரோ அதுதான் விலை. பிடித்த விரலை மறுபடி அழுத்தினால் விலை ஏறுகிறது என்று அர்த்தம். சுற்றி நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அத்தா முகத்தில் எதையும் காட்டாமல் பேரத்தை முடிப்பதைப் பார்க்கவே நாலு பேர் நிற்பார்கள் என்று அம்மா பெருமையாகச் சொல்வாள்.

அன்றைக்கு அத்தா ஒரு விலையில் நின்றிருக்கிறார். அவர் கட்டைவிரல் நிற்கவில்லை. அது தன் பாட்டுக்கு எதிராளியின் விரலைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. ஆட்டுக்காரர் சாணார்பட்டிப் பக்கத்து விவசாயி. பாய் விலையை ஏற்றிக்கொண்டே போகிறார் என்று அவர் நினைத்துவிட்டார். துண்டை எடுத்ததும், "போதும் பாய், இதுக்கு மேல வாங்குனா எனக்கே பாவம். பிடிங்க கயித்த" என்று கிடாயைக் கையில் கொடுத்துவிட்டார். துண்டுக்குள் பேசியதை வெளியே வந்து மாற்றிப் பேசுவது தரகருக்கு அழகில்லை. அத்தா வாயைத் திறக்காமல் கிடாயை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து அந்த மனுஷரைத் திட்டித் தீர்த்தார். திட்டிக்கொண்டே சாப்பிட உட்கார்ந்தார். அவர் வலது கை தட்டின் விளிம்பில் விடாமல் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

"அத்தா, உங்க கையப் பாருங்க" என்றேன்.

"குளிருக்கு" என்றார்.

சித்திரை மாதத்தில் திண்டுக்கல்லில் என்ன குளிர்? எனக்கு அப்போதே கோபம் வந்துவிட்டது.

என் கோபத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் சாணார்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது பிள்ளைகளுக்கும் தெரியும், தலைமையாசிரியருக்கும் தெரியும். ஒரு தடவை எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வேலியில் படர்ந்திருந்த பூனைக்காலிக் காயின் சுணையைச் சுரண்டிக் கொண்டுவந்து என் நாற்காலியில் தூவி வைத்தார்கள். அந்தச் சுணை பட்டால் தோல் எரிந்து அரிக்கும். நான் அரித்துக்கொண்டே வகுப்பு நடத்தினேன், மணி அடித்தும் விடாமல் நடத்தினேன். அதோடு அந்தச் செடியை மறந்துவிட்டேன். அது எங்கள் வீட்டு அடுப்படிக்கே வந்து சேரும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

அத்தாவை ஊரில் ஒரு நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனோம். கூட்டமென்றால் கூட்டம். வெளியே உட்காரவும் இடமில்லை. டாக்டர் அத்தாவை நடக்கச் சொன்னார், விரலைத் தட்டச் சொன்னார், கையை மடக்கிப் பார்த்தார். நடுக்குவாதம் என்றார். உடம்பை அசையச் சொல்லி மூளை அனுப்பும் தகவலைக் கொண்டுபோகும் ஒரு பொருள் தலைக்குள் குறைந்துவிட்டதாம். மாத்திரை அதை நிரப்புமாம். ஆயுசுக்கும் போட வேண்டுமாம். "நேரத்துக்குக் கரெக்டா போடுங்க" என்று சொல்லிவிட்டு மணியை அடித்தார். அடுத்த ஆள் உள்ளே வந்துவிட்டார்.

என்ன சாப்பிடுகிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை. எதற்கு முன்னால் போட வேண்டும், எதற்குப் பின்னால் போட வேண்டும் என்று சொல்லவுமில்லை. இதை இப்போது எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இரண்டு வாக்கியம் சொல்ல எவ்வளவு நேரமாகும்?

எங்கள் வீட்டில் மாத்திரை என்றால் ஒரே சட்டம்தான். வெறும் வயிற்றில் போடக் கூடாது, குடல் புண்ணாகிவிடும். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போட வேண்டும். தரகர் வீட்டுச் சாப்பாடு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு நாள் ஈரல், ஒரு நாள் குடல், ஒரு நாள் நெஞ்செலும்பு. நோய் வந்தபின் அம்மா இன்னும் கூட்டிவிட்டாள். நடுங்குகிற ஆளுக்குத் தெம்பு வேண்டுமென்று காலையில் ஆட்டுக்கால் சூப். மூளையில் கோளாறு என்று டாக்டர் சொன்னதிலிருந்து மதியம் ஆட்டு மூளை வறுவல்.

"மூளைக்கு மூளதான குடுக்கணும்" என்றாள்.

"யாரும்மா சொன்னா?"

"இதெல்லாம் ஒரு ஆளு சொல்லணுமாக்கும்?"

அத்தா மூளையைத் தின்றுவிட்டு மேலே மாத்திரையைப் போடுவார். காலை மாத்திரை கொஞ்சம் வேலை செய்யும். மதிய மாத்திரை துளிகூட வேலை செய்யாது. சாயங்காலம் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் நிற்பார். ஆயுசுக்கும் போட வேண்டிய மாத்திரை அதற்குள்ளேயே தோற்றுவிட்டது என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். சந்தைக்குப் போவதும் நின்றது. துண்டுக்குள் கையை விட முடியாத தரகர் சந்தைக்குப் போய் என்ன செய்வார்? ஒருநாள் போய்த் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தார்.

அம்மாவின் தம்பி, என் மாமு, தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்து ஓய்ந்தவர். நல்ல மனுஷர். அதுதான் பெரிய தொல்லை. கெட்டவராக இருந்தால் வாசலோடு அனுப்பியிருக்கலாம். எங்கள் பக்கம் சீக்காளியைப் பார்க்க வெறுங்கையோடு வரமாட்டார்கள். பழத்தோடு ஒரு மருந்தும் வரும். வாங்கி வைக்காவிட்டால் வந்தவருக்கு மனத்தாங்கல். அப்படி வந்த எண்ணெய், லேகியம், தாயத்து எல்லாம் எங்கள் அலமாரியில் ஒரு தட்டு நிறைய இருந்தது. அவற்றை அம்மா வாங்கி வைப்பாளே தவிர, கொடுக்கமாட்டாள். மாமு கொண்டுவந்ததை மட்டும் கொடுத்தாள். தம்பி கொண்டுவந்ததாயிற்றே.

ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் ஒரு கல்யாண மண்டபத்தில் நரம்பு சிகிச்சை முகாம் நடத்தியிருக்கிறார். மாமு போயிருக்கிறார். பின்னால் அவர் வாயாலேயே கேட்டதுதான் இதெல்லாம். முகாம்காரர் மரியாதைக்குக் குறைச்சல் வைக்கவில்லை. "ஏனுங்க பாய், இது மருந்தே இல்லைங்க, பருப்புங்க. மூலிகைங்க. பக்க விளைவே கிடையாதுங்க" என்று பொடியைக் கொடுத்திருக்கிறார். ஒரு மண்டலம் பத்தியம். கறி, மீன், முட்டை, பருப்பு எதுவும் கூடாது. பொடியைப் பாலில் கலந்து மூன்று வேளை. இங்கிலீஷ் மாத்திரையை உடனே நிறுத்த வேண்டாம், குணமானதும் தானாக நின்றுவிடும்.

எனக்குச் சொல்லவில்லை. சொன்னால் நான் கத்துவேனாம். நான் அடுத்த தெருவில் இருக்கிறேன், தினமும் பள்ளிக்கூடம் விட்டு அத்தாவைப் பார்க்க வருகிறேன். நான் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் பொடி டப்பா அரிசிப் பானைக்குள் போய்விடும். பெற்ற மகளுக்குத் தெரியாமல் அடுப்படியில் மருந்து ஒளித்து வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். அத்தாவும் அதற்கு உடந்தை.

அத்தாவுக்குக் குணமானது. கொஞ்ச நஞ்சமில்லை. ஒரு வாரத்துக்குள் பொத்தானைத் தானே போட்டார். நடை வேகமானது. முகத்தில் சிரிப்பு வந்தது. இந்த நோயில் முகம் கட்டிப்போய்விடும், சிரிப்பது வெளியே தெரியாது. அந்தச் சிரிப்பைப் பார்த்து நான் அடுப்படியில் போய் அழுதேன். அதே அரிசிப் பானைக்குப் பக்கத்தில் நின்றுதான் அழுதேன்.

"பாத்தீங்களா, மாத்திர வேல செய்யும்னு சொன்னேன்ல" என்று எல்லாரிடமும் பீற்றிக்கொண்டேன். அம்மாவும் மாமுவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு எதுவும் உறைக்கவில்லை. கறி இல்லையே என்று கேட்டதற்கு, "வாய் ருசிக்கலேங்குறாரு" என்றாள் அம்மா.

அத்தா மறுபடி அய்யலூருக்குப் போனார். துண்டைப் போட்டார். பேரம் முடித்தார். திரும்பி வந்து என் கையைப் பிடித்து, "சொன்ன விலையில நின்னுச்சு தாயி" என்றார். அவர் அப்படிச் சந்தோஷமாக என் கையைப் பிடித்து எத்தனையோ வருஷமாகியிருந்தது. முகாம்காரர் அடுத்த தடவை ஊருக்கு வந்தபோது அத்தாவும் அம்மாவும் மாமுவுமாக மண்டபத்துக்குப் போய் நன்றி சொல்லிவிட்டு வந்திருக்கிறார்கள். அதுவும் எனக்குத் தெரியாது.

பிறகு அவர் தோள் ஆட ஆரம்பித்தது. நடுக்கம் வேறு, இது வேறு. நடுக்கம் ஒரே தாளத்தில் வரும். இது பாம்பு நெளிவதைப்போல இடது தோளில் தொடங்கி, கழுத்துக்கு ஏறி, இடுப்புக்கு இறங்கியது. உட்கார்ந்திருக்கும்போது கால் தானாக நீண்டு மடங்கும். பார்ப்பவர்களுக்கு அவர் ஏதோ பாட்டுக்கு ஆடுவதைப்போல இருக்கும்.

"நரம்பு முறுக்கேறுது. செத்துக் கெடந்த நரம்புக்கு உசிரு வருது" என்று மாமு சொன்னார். அவரைப் பொறுத்தவரை நரம்பு என்பது புறங்கையில் பச்சையாகப் புடைத்துத் தெரிவது. அது இரத்தக் குழாய் என்று நான் சொல்லி அவர் கேட்டதில்லை.

டாக்டரின் கிளினிக்குக்குப் போன் செய்தேன். எடுத்த பெண், "தேதி குடுத்துருக்கோம்ல மேடம், அன்னைக்குக் கூட்டிட்டு வாங்க" என்று வைத்துவிட்டாள். வேறெங்காவது கூட்டிப்போகலாம் என்றால் அம்மா, "நல்லாத்தான இருக்காரு" என்று தடுத்தாள். எனக்குத் தலைக்குள் கொதித்தது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் நான் போனபோது அத்தா கூடத்தில் குனிந்து நின்றிருந்தார். இடது கையால் காற்றில் எதையோ தாங்கிப் பிடித்திருந்தார். வலது கைக் கட்டைவிரலால் எதையோ விலக்கிப் பார்த்தார். எனக்குப் புரிய ஒரு நிமிஷமானது. ஆட்டின் தாடையைப் பிடித்து உதட்டைத் தள்ளிப் பல் பார்ப்பார்கள், வயசு தெரிந்துகொள்ள. அதைத்தான் செய்துகொண்டிருந்தார். அங்கே ஆடு இல்லை.

"என்னத்தா பண்றீங்க?"

சட்டென்று நிமிர்ந்தார். "ஒண்ணுமில்லயே" என்று கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

அன்றைக்கு இரவு அம்மா மாமுவை விட்டு முகாம்காரருக்குப் போன் போடச் சொல்லியிருக்கிறாள். அந்த மனுஷர் நிதானமாகப் பதில் சொல்லியிருக்கிறார். "இது பொடியால வாரதில்லைங்க. உடம்பு சுத்தமாகும்போது இங்கிலீஷ் மருந்து ஒத்துக்காதுங்க. அத நிறுத்திப்போடுங்க." வைத்தியம் பார்க்கிறவர், ஆளைப் பார்க்காமல், நாடியைப் பிடிக்காமல், போனில் சொல்கிறார். அன்றைக்கே நிறுத்திவிட்டார்கள். வேளைக்கு ஒன்று என்று வந்துகொண்டிருந்த மாத்திரையை அப்படியே ஒரேயடியாக நிறுத்திவிட்டார்கள். பொடி மட்டும் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை காலையில் அம்மா போன் செய்தாள். "அத்தா எந்திரிக்க மாட்டேங்குறாரு." ஓடினேன். கட்டிலில் பலகையைப்போலக் கிடந்தார். கண் திறந்திருந்தது, இமை அசையவில்லை. உடம்பு அனலாகக் கொதித்தது. வாயோரம் எச்சில். அம்மா ஸ்பூனால் தண்ணீர் ஊற்றினாள், உள்ளே இறங்காமல் கழுத்தில் வழிந்தது. கையை மடக்கப் பார்த்தேன். மடங்கவில்லை. அய்யலூரில் சொன்ன விலையில் நின்ற கை.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர், என் பழைய மாணவிகள் வயசுதான் இருக்கும், வேலையை எல்லாம் முடுக்கிவிட்டுவிட்டு எங்களிடம் வந்து நின்றார். "நடுக்குவாத மாத்திரையத் தவிர வேற என்ன சாப்புடுறாரு?"

"வேற ஒண்ணும் இல்ல டாக்டர்" என்று நான் சொன்னேன்.

அம்மா தரையைப் பார்த்தாள். மாமு சுவரைப் பார்த்தார். டாக்டர் என்னை விட்டுவிட்டு அவர்கள் இரண்டு பேரையும் பார்த்தார்.

"நான் திட்டமாட்டேன். என்ன குடுத்தீங்கன்னு தெரிஞ்சாத்தான் நான் வைத்தியம் பாக்க முடியும்."

மாமுதான் வாயைத் திறந்தார். அதுவும் எப்படி? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. "மருந்தெல்லாம் இல்ல தாயி. பூனக்காலி வெத. பால்ல வேகவச்சுக் காயவச்சு அரைச்ச பொடி. பக்க விளைவே கிடையாது."

அம்மா கைப்பையைத் திறந்து டப்பாவை எடுத்துக் கட்டில் மேல் வைத்தாள். ஆஸ்பத்திரிக்கும் கொண்டுவந்திருந்தாள். அசந்த நேரத்தில் பாலில் கலந்து கொடுக்கலாம் என்று.

நான் அந்த வராண்டாவில் போட்ட சத்தத்தைப் பற்றி அந்த ஆஸ்பத்திரியில் இன்னும் பேசுவார்கள். மாமுவை என்னவெல்லாம் கேட்டேன் என்று இங்கே எழுத முடியாது. அம்மாவைப் பார்த்து, "அரிசிப் பானையில எதுக்கும்மா ஒளிச்சு வச்ச, என் கண்ணுல மண்ணத் தூவியிருக்கலாமே" என்றேன். ஒரு நர்ஸ் வந்து என் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

அந்த டாக்டர் சொன்னதை நான் சொல்கிறேன், ஏனென்றால் இதை யாராவது எங்களுக்கு முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். மாத்திரையில் எந்தப் பொருள் இருக்கிறதோ அதே பொருள் பூனைக்காலி விதையிலும் இயற்கையாகவே இருக்கிறது. அதே பொருள். அது மூளைக்குள் போய்த்தான், குறைந்துபோனதாக முதல் டாக்டர் சொன்னாரே, அதுவாக மாறுகிறது. மாத்திரையில் கூடவே ஒரு துணை மருந்தும் உண்டு. பொருள் வழியிலேயே வீணாகாமல் மூளைக்குப் போய்ச் சேரும்படி அது பார்த்துக்கொள்ளும். மாத்திரையோடு பொடியையும் கொடுத்தபோது அந்தத் துணை பொடிக்கும் காவல் போயிருக்கிறது. இரண்டும் சேர்ந்து அளவு மீறிவிட்டது. தோள் நெளிந்தது அதனால்தான், இல்லாத ஆடு தெரிந்ததும் அதனால்தான். மாத்திரையை நிறுத்தியதும் துணையும் போயிற்று. வெறும் பொடியில் முக்கால்வாசி உடம்பிலேயே வீணாகிப்போக, மூளை வறண்டு உடம்பு கட்டிப்போனது.

"அப்ப மொதல்ல மாத்திர ஏன் வேல செய்யல?" என்று அம்மா கேட்டாள்.

"மாத்திர போடும்போது என்ன சாப்பாடு?"

அம்மா சொன்னாள். சூப், ஈரல், மூளை எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் கண்ணை மூடித் திறந்தார்.

"கறி செரிச்சு வாரதும் இந்த மருந்தும் உள்ள போறது ஒரே வாசல்மா. பஸ்ஸுல படிக்கட்டு பூரா ஆள் நின்னா கடைசில வந்தவரு எப்பிடி ஏறுவாரு? பத்தியத்துல கறிய நிப்பாட்டுனீங்கல்ல, அப்பவே மாத்திரைக்கு வழி கெடச்சிருச்சு. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி மாத்திரயப் போட்டு, கறிய ராத்திரிக்கு வச்சிருந்தாலே பாதி சரியாயிருக்கும்."

மாமுவுக்கு அதில் ஒரு ஆறுதல். "அப்ப வெதயில மருந்து இருக்குங்குறீங்க?" என்றார்.

"இருக்கு. நல்ல மருந்துதான். அதனாலதான் சொல்றேன், அளவு தெரியாமக் குடுத்தா ஆளக் கொன்னுரும். ஒவ்வொரு காட்டு வெதையிலயும் ஒவ்வொரு அளவு இருக்கும்."

எனக்குச் செடி மேல் கோபமில்லை. அது வேலியில் அதன் பாட்டுக்குக் கிடக்கிறது. சுணை அரிக்கும், விதை நரம்பில் வேலை செய்யும், அது யாரையும் ஏமாற்றவில்லை. பக்க விளைவே கிடையாது என்ற அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் எனக்குக் கோபம். ஒரு வேலையும் செய்யாத பொருளுக்குத்தான் பக்க விளைவு இருக்காது. நடுங்கும் கையை நிறுத்துகிற அளவுக்கு வலுவுள்ள ஒன்று வேறெதையும் தொடாது என்று எந்தக் கணக்கில் சேரும்? மருந்தே இல்லை, பருப்பு என்றால் எதற்கு மூன்று வேளை, எதற்குப் பத்தியம்? அந்த முதல் டாக்டர் மேலும் கோபம். நாட்டு மருந்து என்றாலே முகம் சுளிப்பார்கள் என்று பயந்துதான் எங்கள் ஆட்கள் மறைக்கிறார்கள். எது கொடுத்தாலும் என்னிடம் சொல்லுங்கள் என்று அவர் அன்றைக்கே சொல்லியிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பார்கள். சொல்லியிருக்கவே மாட்டார்கள் என்றும் எனக்குத் தோன்றுகிறது.

அத்தா பிழைத்தார். மெதுவாக, ஒவ்வொரு மூட்டாக இளகினார். மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னால், கறி ராத்திரியில் மட்டும், பொடி அறவே கிடையாது என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். டப்பாவை நான் எடுத்துக்கொண்டேன். அரிசிப் பானையைத் தினமும் கைவிட்டுத் துழாவினேன்.

கை முழுசாக நிற்கவில்லை. சில மணி நேரம் நிற்கும், சில மணி நேரம் நடுங்கும். ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் கொஞ்சம் இழந்துவிட்டார், அது திரும்பி வராமலும் போகலாம் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். அத்தா சந்தையைப் பற்றிப் பேசுவதில்லை. துண்டு கொடியில் தொங்கியது.

ஒருநாள் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது கேட்டேன். "அத்தா, ஆடு தெரிஞ்சது எம்புட்டு நாளா?"

"மொதல்ல ஒரு கருப்புக் குட்டி. பீரோப் பக்கத்துல நின்னுச்சு. அப்பறம் நாலஞ்சு சேந்துக்கிருச்சு. நல்ல உருப்படிங்க."

"நெசமில்லன்னு தெரியுமா?"

"தெரியாம? நான் தரகனாச்சே. ஆடுன்னா வாடை அடிக்கணும்ல. ஒண்ணும் அடிக்கல."

"அப்பறம் ஏன் சொல்லல?"

"சொன்னா பொடிய நிப்பாட்டிருவீங்க." தன் கையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "இல்லாத ஆடு நாலு தெரிஞ்சா என்ன இப்ப? இருக்குற ஆட்ட வெல பேச முடிஞ்சுச்சுல்ல."

அவரைப் பார்த்தும் கத்தலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். கத்தாமல், கொடியில் கிடந்த துண்டை எடுத்து மடித்தேன். அதுவும் எனக்குக் கோபமாகத்தான் இருந்தது.

இது நடந்து கொஞ்ச நாள் கழித்துத்தான் அந்த வீடியோ வந்தது. ஆசிரியர் அறையில் என்னோடு வேலை பார்க்கும் ஒரு டீச்சர், நிலக்கோட்டையிலிருந்து வருபவர், போனை நீட்டினார். "டீச்சர், ஒங்க அத்தாவுக்குக் கை நடுங்குதுன்னீங்கள்ல? இதப் பாருங்க, எங்க ஊரு பூ மார்க்கெட் வாட்ஸ்அப் குரூப்புல வந்துச்சு. எங்க பெரியப்பாவுக்கும் வாங்கியிருக்கோம்."

கல்யாண மண்டபத்தின் மேடை. ஒரு வயசானவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். விளிம்பு வரை டீ ஊற்றிய கிளாஸை ஒருவர் அவர் கையில் கொடுக்கிறார். அவர் அதை நீட்டிப் பிடிக்கிறார். ஒரு சொட்டு சிந்தவில்லை. "சொல்லுங்க பாய், எப்படி இருக்குதுங்க?" என்று ஒரு குரல் கேட்கிறது. "அல்லாவோட கிருபையில கை நிக்குது" என்று அவர் சிரிக்கிறார். பின்னால் கூட்டம் கைதட்டுகிறது. அடியில் ஒரு போன் நம்பர் ஓடுகிறது.

என் அத்தா.

அந்த டீச்சருக்கு அவரை அடையாளம் தெரியாது. நான் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். கிளாஸை எல்லாரும் பார்ப்பார்கள். இடது தோளை யாரும் பார்க்கமாட்டார்கள். சட்டைக்குள் அது மெல்ல நெளிய ஆரம்பித்திருந்தது. அப்போதே ஆரம்பித்திருந்தது. அத்தனை பேர் கைதட்டும்போது, கேமராவுக்கு முன்னாலேயே.

"டீச்சர், இது எங்கத்தா. ஒங்க பெரியப்பாவுக்கு அந்தப் பொடியக் குடுக்காதீங்க. டாக்டர்ட்ட காட்டாமக் குடுக்கவே குடுக்காதீங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், நல்லதைச் சொன்னால் இந்தப் பொம்பளைக்கு ஏன் இம்புட்டு ஆத்திரம் என்பதுதான் இருந்தது. "நல்லாத்தானே இருக்காரு டீச்சர்?" என்றார்.

முகாம்காரரின் நம்பருக்குப் போன் செய்தேன். எடுத்தார். என் அத்தா ஆஸ்பத்திரியில் கிடந்ததைச் சொன்னேன், வீடியோவை எடுக்கச் சொன்னேன், போலீசுக்குப் போவேன் என்றேன். குரலை உயர்த்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார். "வருத்தமாத்தானுங்க இருக்குது. ஆனா வீடியோவுல பேசுறது அவரே தானுங்களே. அவரு வேண்டாம்னு சொல்லட்டுமுங்க, எடுத்துப்போடறேன்" என்றார்.

சரி, அவர் சொல்லட்டும் என்று நேரே வீட்டுக்குப் போனேன். அத்தா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கை நடுங்கும் நேரம் அது. நடுங்கும் கையை மறு கையால் பிடித்து மடியில் வைத்திருந்தார்.

"பாருங்க, ஒங்களக் காட்டித்தான் ஊர ஏமாத்திக்கிட்டிருக்கான். எத்தன பேரு ஒங்களப் பாத்து வாங்குறாங்களோ. போன் போட்டுத் தாரேன். வேணாம், எடுத்துருன்னு ஒரு வார்த்த சொல்லுங்க."

போனை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். வீடியோ ஓடியது. கிளாஸ், டீ, கைதட்டல். முடிந்த பிறகும் அவர் கண் திரையிலேயே இருந்தது.

"அத்தா?"

"இன்னொருக்காப் போடு."

போட்டேன். அவர் முன்னால் குனிந்து பார்த்தார். கோபம் வரும் என்று நான் காத்திருந்தேன். வரவில்லை.

"அழிக்கச் சொல்லாத தாயி" என்றார். "என் கை நின்னதுக்கு வேற சாட்சி இல்ல."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அந்தப் பெரியப்பாவைப் பற்றிச் சொன்னேன். அடுத்த மண்டபத்தில் அடுத்த நாற்காலியில் உட்காரப் போகிறவரைப் பற்றிச் சொன்னேன். கத்தினேன். அடுப்படியிலிருந்து அம்மா வந்து நின்றாள். அத்தா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, நடுங்கும் கையை நீட்டி, போனின் மேல் ஒரு விரலை வைக்கப் பார்த்தார். விரல் திரையில் எங்கெங்கோ பட்டது. படம் ஓடவில்லை. மறுபடி மறுபடி தட்டினார்.

கடைசியில் நான்தான் தொட்டு ஓட விட்டேன். அத்தா படத்திலிருந்த கையைப் பார்த்தார். நான் தோளைப் பார்த்தேன்.